உசனாரின் நாலு மணி

சிலருக்கு வயல் வட்டையில் காணி இருக்கும், சிலருக்குக் கடலில் தோணி இருக்கும். ஓட்டமாவடி உசனாருக்கு இருந்தது நாலு மணி. காத்தான்குடியிலிருந்து வாகரைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வெளிக்கிடுகிற பஸ்ஸின் 'டைம்' அவருடையது. தனியார் பஸ் ஓட்டுகிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பஸ் பெரிதா டைம் பெரிதா என்று. பஸ்ஸை விற்றால் இன்னொரு பஸ் வாங்கலாம். டைம் போனால் போனதுதான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற ரீச்சர்மார், வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகள், கிளினிக்குக்கு வந்து திரும்புகிற வாகரைச் சனம், எல்லாரும் அந்த நாலு மணிக்குள்தான் அடக்கம். அதற்குப் பின்னால் நாலு இருபதுக்கு வெளிக்கிடுகிற பஸ்ஸுக்கு மிஞ்சுவது காத்தும் கடலை விற்கிறவனும்தான்.

அந்த நாலு இருபது யாருடையது என்று கேளுங்கள். உசனாரின் மனைவி கைறுன்னிஸாவின் கூடப்பிறந்த தம்பி ஜிப்ரியுடையது! அல்லாஹ் சில பேரை நோயைக் கொடுத்துச் சோதிப்பான், உசனாருக்கு மச்சானைக் கொடுத்திருந்தான். பெருநாளைக்கு ரெண்டு பேரும் ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். மறுநாள் றோட்டில் ஹோனாலேயே ஏசிக்கொள்வார்கள். ஜிப்ரி கெட்டவன் இல்லை. நாலு மணியில் அவனுக்கு ஒரு கண், அவ்வளவுதான். அந்தக் கண் பன்னிரண்டு வருஷமாக மூடவேயில்லை.

உசனாரின் பஸ்ஸுக்குப் பெயர் நிஸ்றா. மகள் பிறந்த வருஷம் வாங்கியது, அதனால் மகளின் பெயர். மகள் கலியாணம் முடித்துக் கட்டார் பக்கம் போய்விட்டாள். பஸ் போகவில்லை, இன்னும் காத்தான்குடிக்கும் வாகரைக்கும் நடுவில் இருமிக்கொண்டு ஓடுகிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் சர்மிளா மிஸ் வந்தார். மட்டக்களப்பு டவுன் பிள்ளை, படித்த எஞ்சினியர், கதைக்கத் தொடங்கினால் மூச்சு விடமாட்டார். வாவியைச் சுற்றி ஓடுகிற பஸ், லொறி எல்லாவற்றையும், அரசாங்கத்தினதோ தனியாருடையதோ, ஒரே மெப்பில் கொண்டுவருவதற்கு ஒரு காரியாலயம் திறந்திருந்தார்கள், அதற்கு அவர்தான் பொறுப்பு. படுவான்கரையிலிருந்து வருகிற பஸ் சுணங்கினால் டவுனில் நிற்கிற பஸ்ஸுக்கு அது தெரியும், அஞ்சு நிமிஷம் பொறுக்கும். வாகரையில் மீன் வந்து கிடந்தால் எந்த லொறி சும்மா போகிறதென்று தெரியும். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பெட்டி கொடுத்தார்கள். சவர்க்காரக் கட்டியளவுதான், பட்டரியும் உள்ளுக்கே. அந்தப் பெட்டி இருக்கிற இடம் சனத்தின் போனில் ஒரு பச்சைப் புள்ளியாக ஓடும். போனில் போட்டுப் பார்க்கிற அந்தச் செயலிக்கு சர்மிளா மிஸ் வைத்த பெயர் 'வாறன்'.

"நம்மட ஆக்கள் வாறன் எண்டு சொன்னா, இன்னும் குளிக்கக்கூட இல்ல எண்டு அர்த்தம்," என்று கூட்டத்தில் சொன்னார். "இனி வாறன் எண்டா உண்மையா வாறதாத்தான் இரிக்கோணும்."

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்காமல் அடுத்ததையும் சொன்னார். மூன்று மாதம் பரீட்சார்த்தம். ஒரே பாதையில் ரெண்டு பேர் இருந்தால், நேரத்துக்கு ஓடுகிறவருக்கு முன் டைம், சுணங்குகிறவருக்குப் பின் டைம். பெட்டி சொல்வதுதான் சாட்சி, கடைசி மாதத்துக் கணக்குத்தான் முடிவு.

ஜிப்ரியின் சிரிப்பு மட்டும் கூட்டம் முடிந்தும் நிற்கவில்லை.

உசனார் பயப்படவில்லை. முதல் கிழமை அவருக்கு அந்தப் பெட்டியில் பெருமைகூட வந்துவிட்டது. கண்ணாடிக்குள்ளால் சனத்தைப் பார்த்து பள்ளிவாசலில் மாதிரி ஒரு பயானே வைத்தார்.

"இஞ்ச பாருங்க மக்காள், இனி ஒருத்தரும் வெயிலுக்க கால்கடுக்க நிக்கத் தேவல்ல. போனைத் திறந்து பாருங்க, நான் எங்க வாறன் எண்டு தெரியும். வீட்ட இருந்து ஆறுதலாத் தேத்தண்ணியக் குடிச்சிட்டு, நான் கிட்ட வந்தாப்போல வெளிக்கிடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இந்தச் சனம் ஒருநாளும் சொன்னதைக் கேட்டதில்லை. அன்றைக்கென்று கேட்டது.

அதுவரைக்கும் ஏறாவூரில் பத்துப் பேர் ஏறுவதென்றால் பத்துப் பேரும் ஒரே பஸ் ஹோல்ட்டில் நிற்பார்கள், ஒருதரம் பிறேக் பிடித்தால் போதும். இப்போது பத்துப் பேரும் தங்கள் தங்கள் வீட்டு வாசல் கடப்படியில் நின்று கை காட்டினார்கள். புள்ளி தெருமுனைக்கு வரும்வரைக்கும் அடுப்படியில் நின்றுவிட்டு, பிறகு ஹோல்ட்டுக்கு ஓட நேரம் எங்கே? செங்கலடியில் ஒரு பெண் ஜன்னலால் தலையை நீட்டி, "பொரியலை இறக்கிட்டு வாறன் நானா!" என்றாள். வந்தாறுமூலையில் ஒருத்தன் தலை நிறையச் சவர்க்கார நுரையோடு கிணற்றடியிலிருந்து கத்தினான்.

"நானா, தலைக்கு ரெண்டு வாளி ஊத்திட்டு வாறன், மெல்லமா உருட்டுங்க!"

நிறுத்தாமல் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போகலாம். போனால் அன்றிரவே அந்தப் பொரியல்காரியின் மாமா வீடு தேடி வந்து, கதிரையைப் போட்டு இருந்து, "என்ன உசனார், எங்கட பிள்ளையை மனிசரா மதிக்கல்லயோ?" என்று தொடங்குவார். அதைவிடப் பெரிய சோலி, பின்னால் வருகிற ஜிப்ரி. உசனார் விட்டுவிட்டுப் போன ஒவ்வொருத்தரையும் அவன் மாம்பழம் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவான். ஆகவே உசனார் நின்றார். நின்று நின்று போனார். முந்தி நேரத்துக்கு ஓடின பஸ், நேரம் காட்டுகிற பெட்டி வந்த பிறகு சுணங்கத் தொடங்கியது.

சர்மிளா மிஸ் போன் எடுத்தார். "நானா, இந்தக் கிழமையும் ஒங்களுக்குச் சிவப்புக் கோடு."

"சனம் மிஸ், சனம்!"

"சனம் ஹோல்ட்டில தானே நிக்கோணும்?"

"அத நீங்க சனத்துக்கிட்டச் சொல்லுங்க."

"நான் சொன்னனான் நானா. அதுக்கு அவங்க, உசனார் நானாதான் வீட்ட இரிக்கச் சொன்னவர் எண்டு சொல்றாங்க."

உசனார் போனை வைத்துவிட்டுத் தன் வாயிலேயே ரெண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். ரெண்டு மாதம் சிவப்பு. மிச்சம் இருந்தது ஒரே மாதம். ஜிப்ரி இப்போதெல்லாம் அக்கா வீட்டுக்கு வரும்போது, "மச்சான், நாலு இருபது நல்ல டைம், வெயில் தாழ்ந்திரும்," என்று ஆறுதல் வேறு சொன்னான். அந்த ஆறுதல்தான் உசனாருக்கு வயிற்றை எரித்தது. நாலு மணியை விட்டுக்கொடுத்துவிட்டு மச்சானின் புழுதியைக் குடித்துக்கொண்டு பின்னால் போவதா? அதைவிடப் பஸ்ஸை விறகுக்குப் போடலாம்.

வழி பிறந்தது ஹெக்டரின் லொறியில். டவுன் ஹெக்டரும் உசனாரும் பழைய சிநேகிதர். ஹெக்டர் பின்னேரம் வெறும் ஐஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வாகரைக்குப் போவார், விடிய மீனோடு திரும்புவார். போகிற பாதையும் அதேதான், நேரமும் அதேதான்.

"ஹெக்டர், என்ட பெட்டிய நீ கொண்டு போ," என்றார் உசனார்.

"என்னத்துக்கு?"

"ரெண்டு பேரும் நாலுக்கே வெளிக்கிடுவம். ஒனக்கு ஆள் ஏத்துற வேலை இல்ல, நீ முன்னுக்குப் போயிருவாய். சனம் போனைப் பாத்து நான்தான் வந்திட்டன் எண்டு விழுந்தடிச்சு ஓடிவந்து ஹோல்ட்டில நிக்கும். நிண்டு களைச்சுப்போய் இரிக்கக்க நான் வாறன், ஒரே அள்ளா அள்ளிட்டுப் போறன். மிஸ்ட மெப்பிலயும் நிஸ்றா நேரத்துக்குப் போகும்."

ஹெக்டர் யோசித்தார். "புள்ளி போயிட்டுது எண்டு சனம் திரும்பி வீட்ட போனா?"

"போகாது. நம்மட சனம் பஸ்ஸைத் தவறவிட்டா அரை மணித்தியாலம் நிண்டு ஏசிட்டுத்தான் போகும். அதுக்கிடயில நான் வந்திருவன்."

சொல்லி வைத்த மாதிரி நடந்தது. பொரியல்காரி கரண்டியோடு ஓடிவந்து ஹோல்ட்டில் நின்றாள். சவர்க்காரக்காரன் குளித்து, உடுத்து, தலை இழுத்து நின்றான். புள்ளி அவர்களைத் தாண்டிப் போனது, பஸ்ஸைக் காணவில்லை. "போன்ல போகுது, கண்ணுக்குத் தெரியல்ல, இதென்ன ஜின்னா?" என்று ஒருத்தர் கேட்க, கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை விளக்கம் கொடுத்தது: "சட்டலைட் மேல இரிக்கி, நாம கீழ இரிக்கம். அதுக்கு முந்தித் தெரியும், நமக்குப் புறகுதான் தெரியும்." எல்லாரும் தலையாட்டினார்கள். உசனாரும் கண்டக்டர் றிஸானும் வந்து ஒரே பிறேக்கில் எல்லாரையும் ஏற்றினார்கள். சிவப்புக் கோடு பச்சையானது. சர்மிளா மிஸ் போன் எடுத்துப் பாராட்டினார். ஜிப்ரியின் முகம் மழைக்கு நனைந்த அப்பளமாகிப் போனது.

ஒரே ஒரு இடத்தில்தான் கணக்குப் பிழைத்தது. அது ஓட்டமாவடியில், அவருடைய சொந்த மனிசியிடம்.

கைறுன்னிஸா ஒவ்வொரு பின்னேரமும் பிளாஸ்க்கோடு ஓட்டமாவடி ஹோல்ட்டுக்கு வருவார். வாழைச்சேனை தாண்டிப் பாலத்தில் பஸ் ஏறுகிறபோது கோப்பையில் ஊற்றினால், உசனார் வந்து நிறுத்தவும் குடிக்கிற பதம் சரியாக இருக்கும். முந்தி கண்ணால் பார்த்து ஊற்றினார். வாறன் வந்ததும் போனைப் பார்த்து ஊற்றினார். இப்போது புள்ளி பாலத்தில் ஏறும், அவர் ஊற்றுவார், புள்ளி கண்முன்னால் தாண்டிப் போகும், மாப்பிள்ளை உசனார் வரமாட்டார். வந்து சேரும்போது தேத்தண்ணி கிணற்றுத் தண்ணியாகியிருக்கும்.

"நிஸ்றாட வாப்பா, புள்ளி வந்து எவ்வளவு நேரத்துக்குப் புறகு நீங்க வாறீங்க?"

"அது சட்டலைட், புள்ள. மேல இரிக்கி." ஒரே மிடறில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

கைறுன்னிஸா ஆகாயத்தைப் பார்த்தார், றோட்டைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் ஏசினால் உசனாருக்குப் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம். ஆனாலும் நாலு மணியை நினைத்துக்கொண்டு பச்சைத் தண்ணியாகிப்போன தேத்தண்ணியை மூன்று கிழமையாகக் குடித்தார்.

கடைசிக் கிழமை வந்தது. இன்னும் நாலே நாள் பச்சைக் கோட்டில் ஓடிவிட்டால் டைம் தப்பியது. அன்றைக்கும் ஓட்டமாவடியில் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பஸ்ஸை எடுத்துக் கொஞ்சத் தூரம் போயிருப்பார். றிஸானின் போன் ஊளையிட்டது. போன் மணி அடிக்கிற சத்தம் இல்லை, நெருப்பணைக்கிற வண்டியின் சத்தம்.

"காக்கா, மிஸ்ட ஒப்பிசில இருந்து அவசரச் செய்தி," என்று றிஸான் எழுத்துக் கூட்டி வாசித்தான். "பனிச்சங்கேணிப் பாலத்தடியில வாகரை பஸ் ஒண்டு தண்ணிக்க போயிட்டுதாம். கிட்ட நிக்கிற எல்லா வாகனமும் உதவிக்குப் போகட்டாம்!"

"யா அல்லாஹ்!" என்றார் உசனார். முன்னால் போன அரசாங்க பஸ்ஸாக்கும் என்று நினைத்தார். மேலே விசாரிக்க றிஸான் போனை எடுத்தால் சிக்னல் இல்லை, அந்தப் பக்கம் எப்போதும் அப்படித்தான். உசனார் மிதித்த மிதியில், வாங்கின நாளிலிருந்து இருமின நிஸ்றா இருமலை மறந்தது. பஸ்ஸுக்குள் சனம் கலிமாச் சொன்னது, மாதாவைக் கூப்பிட்டது, பிள்ளையாரைக் கூப்பிட்டது. ஒருத்தராவது மெல்லப் போ என்று சொல்லவில்லை.

பாலத்தடியில் ஊரே திரண்டு நின்றது. ரெண்டு மண் டிப்பர், ஒரு உழவு மெஷின், வேறொருத்தரின் ஐஸ் லொறி ஒன்று, திருகோணமலைப் பக்கமிருந்து வந்த அரசாங்க பஸ், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தோணிக்காரர் தோணியை இறக்கிவிட்டார்கள். டிப்பர்க்காரர் கயிறு கட்டினார்கள். உசனார் சாரத்தை மடித்துக் கட்டினார், செருப்பைக் கழற்றி எறிந்தார், பாய்ந்தார்.

"எத்தின பேராம்?" என்று நீந்திக்கொண்டே கேட்டார்.

"நாப்பது பேருக்கு மேலயாம்," என்றான் தோணிக்காரன்.

உசனாருக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும், நாற்பது பேர் என்றால் என்னவென்று. நாற்பது வீட்டில் உலை வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முக்குளித்தார், கையை விட்டுத் துழாவினார், சேறு வந்தது, பாசி வந்தது, பஸ் வரவில்லை. இடுப்பளவுத் தண்ணியில் எழும்பி நின்று மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இன்னொரு தலை எழும்பியது. ஹெக்டர்.

"நீயும் இறங்கிட்டியா?" என்றார் உசனார்.

"நான் அப்ப இருந்து இஞ்சதான். நாளைக்கு ஆயித்தியமலை மாதா கோயில் திருநாளுக்கு என்ட மனிசி செசீலியாவையும் ஆக்களையும் ஏத்திட்டுப் போகோணும், மீன் மணத்தோட ஏறமாட்டன் எண்டுட்டா. இண்டைக்கு ஐஸ் ஏத்தல்ல, லொறியப் பின்பக்கமாத் தண்ணிக்க இறக்கிக் கழுவிட்டு நிண்டன். றேடியோவும் சத்தமாப் போட்டிருந்தன். பஸ் உழுந்த சத்தம் எனக்குக் கேக்கவேயில்ல, உசனார். பாவி நான்!" ஹெக்டர் கண்ணைத் துடைத்தார். "யாருட பஸ்ஸாம்?"

"வாகரை பஸ்ஸாம்."

"நீதானே வாகரை பஸ்?"

தண்ணி சலசலத்தது. ஒரு கொக்கு பறந்து போனது. உசனார் ஹெக்டரைப் பார்த்தார், ஹெக்டர் உசனாரைப் பார்த்தார். பிறகு ரெண்டு பேரும் மெதுவாகக் கரையில் நின்ற லொறியைப் பார்த்தார்கள். பின்பக்கம் தண்ணிக்குள், முன்கதவு திறந்தபடி, மூக்கிலிருந்து வால்வரைக்கும் நனைந்து பளபளவென்று நின்றது.

"பெட்டி எங்க?" என்றார் உசனார்.

"உள்ளுக்குத்தான் வச்ச... வாளியால அடிக்கக்க அதுக்கும் தண்ணி பட்டிச்சு. புறகு லைட் நிண்டுபோச்சு." ஹெக்டர் நெஞ்சில் சிலுவை போட்டார். "உசனார், நாம ரெண்டு பேரும் ஒன்னைத்தான் தேடுறம்."

உசனார் அப்படியே முங்கிப் போய்விடலாமா என்று யோசித்தார். அதற்கிடையில் கரையில் டயர் கிறீச்சிட்டது. ஜிப்ரியின் பஸ். ஜிப்ரி கதவால் இறங்கவில்லை, பாய்ந்தான். சேட்டு, சப்பாத்து, சட்டைப்பையில் போன், எல்லாவற்றோடும் தண்ணிக்குள் விழுந்தான். யாரையும் பார்க்கவில்லை. ஆழத்தைப் பார்த்து மார்பில் அடித்துக் கத்தினான்.

"மச்சான்! என்ட மச்சான்! எனக்கு ஒங்கட நாலு மணி வேணாம்! என்ட நாலு இருபதையும் நீங்களே எடுங்க! வெளிய வாங்க மச்சான், நான் என்ட ராத்தாட மூஞ்சியில எப்படி முழிப்பன்!"

பன்னிரண்டு வருஷமாக ஹோன் அடித்து ஏசினவன் அழுகிறான். உசனார் தண்ணியை விலக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் போய் அவன் தோளைத் தொட்டார்.

"ஜிப்ரி, அழாதடா. நான் இஞ்ச நிக்கன்."

ஜிப்ரி திரும்பினான், கண்ணைக் கசக்கினான், கட்டிப்பிடித்தான். பிறகு பாலத்தின் மேல் ஒரு கீறலும் இல்லாமல் நிற்கிற நிஸ்றாவைப் பார்த்தான். பஸ்ஸின் ஜன்னல்களால் நாற்பது தலை எட்டிப் பார்த்தது. கட்டிப்பிடித்த கையாலேயே மச்சானின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், முழு பஸ்ஸை எங்கே மறைக்கிறது? மூன்றாம் நாள் சர்மிளா மிஸ்ஸின் காரியாலயத்தில் விசாரணை. உசனார், ஹெக்டர், ஜிப்ரி, கைறுன்னிஸா, நாலு பேரும் நாலு கதிரையில் இருந்தார்கள். மிஸ் திரையில் மெப்பைப் போட்டுக் காட்டினார். பச்சைப் புள்ளி பாலத்தடிக்குப் போகிறது, நீல நிறத்துக்குள் இறங்குகிறது, கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது, அணைகிறது.

"நானா," என்றார் மிஸ். வழமையாகப் படபடவென்று கதைக்கிறவர் மெதுவாகக் கதைத்தார். "இத நான் தனிய இருந்து பாத்தனான். நாப்பது பேர் செத்துப்போச்சு எண்டு நினைச்சன். ஒங்கட வைஃபுக்கு நான்தான் போன் எடுத்துச் சொல்லோணும். மூணு தரம் பிழையான நம்பரை அழுத்திட்டுத்தான் அவங்களை எடுத்தன்."

உசனார் தலையைக் குனிந்தார். இந்தப் பிள்ளை ஏசினால் தாங்கியிருப்பார். மகளின் வயது அதுக்கு.

"நான் பதறல்ல," என்றார் கைறுன்னிஸா. "மிஸ் அழுதழுது சொல்றா, பஸ் தண்ணிக்க எண்டு. நான் சொன்னன், மிஸ், அவர் இப்பதான் ஆறின தேத்தண்ணியக் குடிச்சிட்டுக் கோப்பையக் கையில தந்திட்டுப் போறார், புழுதிகூட இன்னும் அடங்கல்ல. தண்ணிக்க கிடக்கிறது பஸ் இல்ல, பொட்டி. அதை ஹெக்டர் அண்ணன்ட லொறியில தேடச் சொல்லுங்க எண்டு சொன்னன். மூணு கிழமையா நான் சட்டலைட்டைப் பாக்கல்ல, றோட்டைத்தான் பாத்தனான். புள்ளி போகக்க ஒவ்வொரு நாளும் அவர்ட லொறிதான் போகுது. எனக்குக் கையும் காட்டிட்டுப் போறார்!"

ஹெக்டர் அந்தக் கையை மெல்லக் கதிரைக்குப் பின்னால் மறைத்தார்.

"நான் அத ஒடன எல்லாருக்கும் சொல்லப் பாத்தன், ஆனா அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் சிக்னல் இல்ல," என்றார் மிஸ். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. "ஒண்டு மட்டும் உண்மை நானா. அந்த அவசரச் செய்திய இதுவரைக்கும் ஒருத்தரும் பாவிக்கல்ல. அண்டைக்குத்தான் முதல்தரம். டிப்பர், ஐஸ் லொறி, அரசாங்க பஸ், ஒங்கட மச்சான், எல்லாரும் வந்து சேந்தாங்க. உண்மையா ஒரு பஸ் உழுந்திருந்தா ஆக்களைக் காப்பாத்தியிருப்பாங்க. ஆனா சட்டம் சட்டம்தான். பெட்டிய ஏமாத்தின ஆளுக்கு நான் முன் டைம் குடுக்க ஏலாது."

உசனார் எழும்பினார். "எடுங்க மிஸ். நான் வாய் துறக்க மாட்டன்." சொன்னாரே தவிர நெஞ்சு பொறுக்கவில்லை. கண் தானாகவே ஜிப்ரியின் பக்கம் போனது.

ஹெக்டர் தொண்டையைச் செருமினார். "மிஸ், ஒரு கதை. ஜிப்ரி தம்பி அண்டைக்குத் தண்ணிக்க நிண்டு, நாலு மணி வேணாம், நாலு இருபதையும் தாறன் எண்டு சொன்னது. ஊரே கேட்டது."

"அது மௌத்தானவருக்குச் சொன்னது," என்றான் ஜிப்ரி. "உசிரோட இரிக்கிறவருக்கு இல்ல."

சர்மிளா மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கைறுன்னிஸா சீலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு எழும்பினார்.

"அப்ப சரி. மாப்பிள்ள தப்பிட்டார், நாலு மணிதான் மௌத்து. வாங்க, வீட்ட போவம்."

அடுத்த திங்கட்கிழமை காத்தான்குடியில் நாலு மணிக்கு ஜிப்ரியின் பஸ் வெளிக்கிட்டது. ரெண்டு பெருநாளும் ஒன்றாக வந்த மாதிரி முகம் அவனுக்கு. மச்சானுக்கு ஒரு ஹோன் அடித்துவிட்டுப் போனான். சிவப்புக் கோடு விழுந்துவிடும் என்ற பயத்தில் கடப்படி ஒன்றிலும் நிற்காமல், ஹோல்ட்டில் நிற்கிறவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு அம்பு மாதிரிப் பறந்தான். உசனார் நாலு இருபதுக்கு வெளிக்கிட்டார். பஸ்ஸுக்குள் றிஸான், காத்து, கடலை விற்கிறவன். உள்ளதும் போச்சுதடா நொள்ளைக்கண்ணா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புதுப் பெட்டி இந்தத் தடவை அவருடைய தலைக்கு மேலேயே, ஆணி அறைந்து பூட்டும் போட்டுத் தொங்கியது.

ஏறாவூர் தாண்டும்போது ஒரு கடப்படியில் கை நீண்டது. பிறகு இன்னொன்று. செங்கலடியில் பொரியல்காரி ஜன்னலில்.

"நானா, ஜிப்ரி நிக்காமப் போயிட்டான், என்ட பொரியல் கருகிப்போச்சு! நீங்க நில்லுங்க, இந்தா வாறன்!"

உசனாருக்குக் கால் பிறேக்கில், மனம் சிவப்புக் கோட்டில். அதே நேரம் போன் அடித்தது, சர்மிளா மிஸ். றிஸான் அதைச் சத்தமாகப் போட்டுப் பிடித்தான்.

"நானா, பயப்படாம நில்லுங்க. நாலு இருபதுக்குப் புறகு அந்தப் பாதையில பஸ் இல்லத்தானே. நீங்க அந்த ரெண்டு மாசமும் நிண்ட இடமெல்லாம் எனக்கிட்டச் சிவப்பாக் கிடக்கு. அதை வச்சுத்தான் ஒங்களுக்குப் புது நேரம் போட்டிருக்கன். ஹோல்ட்டுக்கு ஓடுற ஆக்கள் ஜிப்ரிட்ட ஏறட்டும். கடப்படியில நிக்கிற ஆக்கள் ஒங்கட ஆக்கள். வாகரைக்கு அரை மணித்தியாலம் கூட எடுத்துப் போங்க, ஒங்களுக்குப் பச்சைதான்."

"மிஸ், ஒங்களுக்கு அல்லாஹ் நல்ல மாப்பிள்ளையத் தரோணும்!"

"எனக்குக் கலியாணம் முடிஞ்சு நாலு வருஷம் நானா."

"அப்ப அவருக்கு நல்ல புத்தியக் குடுக்கட்டும்!"

வந்தாறுமூலையில் சவர்க்காரக்காரன் தலையைத் துடைத்துக்கொண்டே ஏறினான். கிரானுக்கு வரும்போது இருக்க இடமில்லை. வாழைச்சேனையில் கடலை வைக்கவும் இடமில்லை, விற்கிறவன் எழும்பி அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். இந்த ஊரில் வெள்ளன வெளிக்கிடுகிற சனம் எத்தனை, கடைசி நிமிஷத்தில் வெளிக்கிடுகிற சனம் எத்தனை என்று உசனார் பன்னிரண்டு வருஷமாக ஒருநாள்கூட யோசித்துப் பார்த்ததில்லை.

ஓட்டமாவடிப் பாலத்தில் ஏறினார். எதிர்க்கரையில் கைறுன்னிஸா போனைப் பார்ப்பதும், பிளாஸ்க்கைக் கோப்பையில் சரிப்பதும் தெரிந்தது. பஸ்ஸை நிறுத்தினார். கை நீட்டினார், வாங்கினார், மூன்று கிழமைப் பழக்கத்தில் ஒரே மிடறாக வாயில் கவிழ்த்தார்.

"ஆ... ஆ... அல்லாஹ்!"

வாய் வெந்துவிட்டது. கண்ணில் தண்ணி வந்தது. பஸ்ஸுக்குள் நாற்பது பேரும் என்ன நடந்தது என்று எட்டிப் பார்த்தார்கள். கைறுன்னிஸா கோப்பையை வாங்கி ஊதினார்.

"மெதுவாக் குடிங்க," என்றார். "இண்டைக்குத்தான் நீங்களும் புள்ளியும் ஒண்டா வந்திரிக்கீங்க."

உசனார் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நாக்கு சுட்டிருந்ததால் சொல்ல முடியவில்லை. கோப்பையைத் திரும்ப வாங்கி, சனம் கத்தக் கத்த, ஆற அமர ஊதி ஊதிக் குடித்தார்.